மார்கழி வைகறையில் ஒரு சங்கொலி

எமது ஊரிலே திருவெம்பாவை தொடங்கும் நாளைப் பஞ்சாங்கம் பார்த்து அறிபவர் கோயிற் குருக்கள் ஒருவரே. ஏனையோர் காதினால் அறிவார்கள். கார்த்திகை மழை ஓய்ந்து, கிளுவை வேலியின் இலைகளிலே பனித்துளி தங்கத் தொடங்கும். பாடசாலைகள் ஆண்டிறுதி விடுமுறைக்கு மூடப்பட்டுவிடும். அதன்பின் ஒருநாள், கோழி கூவுவதற்கும் முன்னரே, வைரவர் கோயிற் பக்கமிருந்து சங்கு ஒன்று ஊதும். அதைத் தொடர்ந்து சேமக்கலத்தின் ஓசை எழும். படுக்கையிற் கிடந்தபடியே ஊரவர் அனைவரும், "இன்றைக்குத் திருவெம்பாவை தொடக்கம்" என்று தெரிந்துகொள்வார்கள்.

இம்மலரைப் படிக்கும் இளைஞர்களுக்கு இது ஒரு பழங்கதை போலத் தோன்றலாம். முதியவர்களுக்கோ இதனை நாம் எடுத்துச் சொல்லவேண்டிய தேவையே இல்லை. ஆயினும், விழாக்காலத்துப் பாட்டொன்று மனிதனுடைய உள்ளத்தில் எவ்வாறு குடியேறுகிறது, எத்தனை காலம் அங்கே தங்குகிறது, எவ்வளவு தூரம் அவனோடு கூடவே செல்கிறது என்பவற்றை ஆராய விரும்புவோருக்குத் திருவெம்பாவையைப் போன்ற ஒரு சான்று கிடைப்பது அரிது. ஆதலின் எமது நினைவையும் நூல்கள் கூறும் வரலாற்றையும் கலந்தே இங்கு எழுதத் துணிந்தோம்.

உண்மையைச் சொன்னால், அச்சங்கொலியை நாம் முதன்முதற் கேட்டபொழுது எமக்கு உண்டானது பக்தியன்று, பயமே. யாழ்ப்பாணத்திலே சங்கும் சேமக்கலமும் சாவீட்டுக்கும் உரியவை அன்றோ! ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதுவேறு அதுவேறு என்று பிரித்தறியத் தெரியவில்லை. போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டோம். ஆச்சிதான் போர்வையை விலக்கி, "பயப்பிடாதை மோனை, இது செத்தவீட்டுச் சங்கில்லை. திருவெம்பாவைச் சங்கு. எழும்பி முகத்தைக் கழுவிப்போட்டு வா" என்று சொல்லி, முற்றத்துக்குக் கூட்டிச் சென்று படலையைத் திறந்து காட்டினார்.

ஒழுங்கை வழியே ஓர் அரிக்கன் லாம்பின் வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. அதற்குப் பின்னே பத்துப் பன்னிரண்டு பேர். பெரியவர் இருவர், மற்றெல்லோரும் பையன்கள். வேட்டி, வெற்றுமேல், நெற்றியிலே ஈரம் காயாத திருநீறு. முன்னே வந்தவர் எமக்குப் பெரியப்பா முறையானவர். அவர் ஓரடியைப் பாடுவார். பையன்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். ஒரு பாட்டு முடிந்ததும் சங்கு. அடுத்த பாட்டுத் தொடங்கும்வரை சேமக்கலம். ஒவ்வொரு படலையிலும் சற்றே நிற்பார்கள். உள்ளே விளக்கு ஏற்றப்படுவதைக் கண்ட பின்னரே அப்பால் நடப்பார்கள். விளக்கு எரியாத வீட்டுக்கு முன்னாற் பையன்களின் குரல் வேண்டுமென்றே உயரும். நாய்கள் குரைக்கும், அவற்றுக்கும் மேலாகப் பாடுவார்கள்.

அடுத்த ஆண்டு நாமும் அக்கூட்டத்திற் சேர்ந்தோம். புத்தகம் எவர் கையிலும் இல்லை. பெரியப்பாவின் வாயைப் பார்த்து, அவர் சொல்வதைத் திருப்பிச் சொல்லிச் சொல்லியே இருபது பாட்டும் பாடமாயின. பொருள் அறியோம். பல்லாண்டுகள் கழித்து நூலைக் கையில் எடுத்தபோதுதான், நாம் ஒரு சொல்லென்று எண்ணிப் பாடியவை இரண்டு சொற்களென்றும், இரண்டென்று எண்ணியது ஒன்றென்றும் கண்டு வெட்கினோம். ஊரைச் சுற்றி முடித்துக் கோயிலை அடையும்போது கிழக்கு வெளுக்கும். பூசை முடிந்ததும் சுடச்சுடப் பொங்கலும், அவலும், அவித்த கடலையும் வாழையிலைத் துண்டிலே கிடைக்கும். பாட்டுக்காகப் போனோமா, கடலைக்காகப் போனோமா என்று எவராவது இன்று எம்மை வினவினால், விடைகூறச் சிறிது தயங்குவோம்.

நத்தார்ப் பண்டிகையும் பல ஆண்டுகளில் அந்நாட்களிலேயே வரும். எமது ஒழுங்கைக்கு அப்பாலிருந்த கத்தோலிக்க அன்பர்கள் முன்னிரவிலே வீடு வீடாகச் சென்று பாலன் பிறப்புப் பாடல்களைப் பாடுவார்கள். நாம் பின்னிரவிலே பாடுவோம். ஒருமுறை, நள்ளிரவுப் பூசை முடிந்து தாமதமாகத் திரும்பிய அவர்களும், நேரத்தோடு புறப்பட்ட நாமும் சந்தியில் எதிர்ப்பட்டோம். இரு பக்கத்தாரும் பாட்டை நிறுத்தி, ஒருவருக்கொருவர் வழிவிட்டு, பிறகு தத்தம் பாட்டைத் தொடர்ந்தோம். அச்சந்திப்பு இன்றும் எமக்கு இனிய நினைவாகவே இருக்கிறது.

இனி இப்பாட்டின் பழமையைச் சிறிது நோக்குவோம்.

மார்கழியில் ஆதிரை நாளை ஒட்டி விழா எடுப்பதும், அதிகாலையிற் கன்னியர் நீராடி நோன்பு நோற்பதும் தமிழகத்தில் மிகத் தொன்மையான வழக்கங்கள். பரிபாடலின் 11ஆம் பாட்டு வையை ஆற்றைப் பற்றியது. மழைக்காலம் ஓய்ந்த பனிப் பருவத்தில், திருவாதிரை நாளில் அந்தணர் விழாவைத் தொடங்க, கன்னிப் பெண்கள் முதியோர் வழிகாட்ட வையையில் நீராடிய செய்தியை அப்பாட்டிலே காண்கிறோம். பின்வந்த பாவைப் பாட்டுக்களுக்கு வேர் இவ்வழக்கமே என்பது அறிஞர் பலர் கருத்து. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவதரித்த ஆண்டாள் கண்ணனை நினைந்து 30 பாட்டுக்களாற் திருப்பாவை பாடினார். பாண்டியனுக்கு அமைச்சராயிருந்து அப்பதவியைத் துறந்த திருவாதவூரராகிய மாணிக்கவாசகர், சிவபெருமானை நினைந்து 20 பாட்டுக்களால் திருவெம்பாவை பாடினார். அவர் காலம் பற்றி ஆராய்ச்சியாளர் நெடுநாள் வழக்காடியிருக்கின்றனர். 9ஆம் நூற்றாண்டு என்பது இன்று பலரும் ஏற்பது. திருவெம்பாவை திருவண்ணாமலையிலும், அதனோடு சேர்த்துப் பாடப்பெறும் பத்துப் பாட்டாலாகிய திருப்பள்ளியெழுச்சி திருப்பெருந்துறையிலும் அருளப்பட்டன என்பது வழிவழி வந்த மரபு.

திருவெம்பாவையின் முதல் எட்டுப் பாட்டுக்களும் எழுப்பும் பாட்டுக்களே. இருபதில் எட்டு! இதனை ஓதுவோர் பலர் கவனிப்பதில்லை. தோழியர் கூட்டமொன்று இருளிலே புறப்படுகிறது. வாசல் வாசலாக நிற்கிறது. உள்ளே உறங்குபவளைக் கேலிசெய்து அழைக்கிறது. ஒருத்தி, நாளைக்கு நானே வந்து உங்களை எழுப்புவேன் என்று முதல்நாள் வீரம் பேசியவள், விடிந்தும் எழவில்லை. இன்னொருத்தி கட்டிலிற் கிடந்தபடியே, எல்லோரும் வந்துவிட்டார்களா என்று விசாரிக்கிறாள். வெளியே நிற்பவர்களோ, நீயே எழுந்து வந்து எண்ணிப் பார்த்துக்கொள் என்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பக்திநூலிலே இப்படியொரு குறும்பு!

இதை அறிந்த பின்னர்தான், எமது ஊர்ப் பையன்கள் செய்தது என்ன என்பது எமக்கு விளங்கிற்று. அவர்கள் அப்பாட்டை வெறுமனே பாடியவர்களல்லர். அப்பாட்டிற் கூறப்பட்ட செயலையே ஆண்டுதோறும் செய்துவந்தவர்கள். படலையில் நின்றார்கள், உறங்குபவரை அழைத்தார்கள், விளக்கெரியாத வீட்டைக் கேலி செய்தார்கள். தாம் செய்வதைத்தான் தாம் பாடுகிறோம் என்பது அவர்களுள் ஒருவனுக்கும் தெரியாது. பெரியப்பாவுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. இங்கே இன்னொன்றையும் ஒளியாமற் சொல்லவேண்டும். நூலிலே வீடு வீடாகச் செல்பவர்கள் பெண்கள். எமது ஊரிலோ, அந்தப் பெண்களின் பாட்டைப் பையன்கள் தெருவிலே பாட, எமது சகோதரிகள் படலைக்கு உட்புறம் நின்று கேட்டார்கள். அவர்களுக்கும் இருபது பாட்டும் பாடமாயிருந்தன. எம்மிலும் திருத்தமாகவே பாடுவார்கள். எனினும் ஒழுங்கையில் இறங்க அவர்களுக்கு அனுமதி இருக்கவில்லை. அக்காலத்தில் இது எமக்கு வியப்பாகத் தோன்றவில்லை என்பதுதான் இன்று எமக்கு வியப்பாயிருக்கிறது.

எழுப்பிய பின்னர் நீராடல். அதன்பின் மழை வேண்டல். ஈற்றிலே இருபதாம் பாட்டு. அப்பாட்டில் வேண்டுகோள் எதுவுமில்லை. இறைவன் திருவடியைப் பலபடியாகப் போற்றுவது ஒன்றே உண்டு. தோற்றத்துக்கும் இருப்புக்கும் முடிவுக்கும் காரணமாய் நின்ற அடிகளை நினைந்து சொல்லும் நன்றியன்றி வேறு கேள்வி இல்லை. எமது கூட்டம் கோயில் வாசலை அடையும்போது கணக்காக அந்த இருபதாம் பாட்டு வரவேண்டும் என்பது பெரியப்பாவின் கண்டிப்பு. சிலநாள் கால் முந்திவிடும், பாட்டுப் பிந்திவிடும். அப்போது கோயில் மேற்கு வீதியிலே எம்மை நிற்கவைத்துப் பாட்டைக் கொண்டுவந்து சேர்த்த பின்பே உள்ளே விடுவார்.

சிவாலயங்களிலே இப்பத்து நாட்களும் நடைபெறும் பூசை முறை யாவரும் அறிந்ததே. மார்கழி தேவர்களுக்கு வைகறை என்பது ஆன்றோர் கொள்கை. ஆதலால் நாள் விடியுமுன்னே பூசை. மாணிக்கவாசகர் திருவுருவத்தை நடராசப் பெருமான் சந்நிதியில் எழுந்தருளச் செய்து, ஒவ்வொரு பாட்டும் முடிந்தவுடன் தீபாராதனை காட்டுவர். பத்தாம் நாள் திருவாதிரை. அன்று ஆருத்திரா தரிசனம். ஈழத்துச் சிதம்பரம் எனப் போற்றப்படும் காரைநகர்ச் சிவன் கோயிலிலே இவ்விழா பெருந்திருவிழாவாக நடைபெறுவதையும், காரைநகர் மணிவாசகர் சபையார் திருவெம்பாவைக் காலத்தில் மணிவாசகர் விழா எடுத்துவந்ததையும் எமது வாசகரிற் பலர் நேரிற் கண்டிருப்பார்கள். தமிழ்நாட்டிலே அரியக்குடி இராமாநுஜ ஐயங்கார் திருப்பாவைக்கு இராகங்கள் அமைத்துப் பாடியபின் அது கச்சேரி மேடைகளிலும் இடம்பெறலாயிற்று. எமது ஊர்ப் பாட்டுக்கு இராகமென்று ஒன்றை எவரும் பெயர்சொல்லிக் குறித்ததில்லை. பெரியப்பாவின் தகப்பனார் பாடிய மெட்டு, அவ்வளவுதான்.

இப்பாட்டு எவ்வளவு தூரம் சென்றது என்று முன்னர்க் குறிப்பிட்டோம். அதை இனிச் சொல்வோம்.

முன்னாளிற் சீயம் என அழைக்கப்பட்ட தாய்லாந்தின் தலைநகர் பாங்கொக். அந்நகரை நிறுவிய முதலாம் இராமன் என்னும் அரசன், 1784இல் அங்கே பிராமணர்களுக்கென ஒரு கோயிலையும், அதனருகே மாபெரும் ஊஞ்சல் ஒன்றையும் அமைப்பித்தான். 20 மீற்றருக்கு மேற்பட்ட உயரமுள்ள செந்நிற மரத்தூண்கள் இரண்டு. மேலே குறுக்குச் சட்டம். ஆண்டுதோறும் குளிர்காலத்திலே அங்கே ஒரு விழா நடக்கும். சிவபெருமான் பூவுலகுக்கு எழுந்தருளிப் பத்து நாட்கள் தங்குகிறார் என்பதும், அவருக்குப் பின் திருமால் ஐந்து நாட்கள் தங்குகிறார் என்பதும் அங்குள்ளோர் நம்பிக்கை. அரசனால் நியமிக்கப்பட்ட பிரபு ஒருவர் சிவபெருமானின் இடத்தில் வீற்றிருந்து பார்க்க, நால்வர் நால்வராக ஊஞ்சலில் ஏறி வானளாவ ஆடி, எதிரே கழியிற் கட்டப்பட்டிருக்கும் பணமுடிப்பைப் பல்லினாற் கவ்வி எடுப்பார்கள். 1932இல் நிகழ்ந்த அரசியல் மாற்றத்தின் பின், 1935 அளவில் ஊஞ்சலாட்டம் கைவிடப்பட்டது. ஆனால் கோயிலுக்குள் நிகழும் சடங்குகள் நின்றுவிடவில்லை. ஊஞ்சற் தூண்களும் 2007இல் புதிய தேக்கு மரங்களால் மீண்டும் நிறுவப்பட்டன.

அவ்விழாவின் பெயர் யாது? சிவனுக்குரிய பகுதி 'திரியம்பவாய்'. திருமாலுக்குரிய பகுதி 'திரிபவாய்'. வாசகர்கள் இவ்விரு பெயர்களையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார்களாக. திருவெம்பாவையும் திருப்பாவையுமே கடல் கடந்து அவ்வாறு ஒலி திரிந்து நிற்கின்றன! பத்து நாள் என்ற கணக்கும் ஒத்திருத்தலைக் காண்க. திருவாசகத்திலே திருப்பொன்னூசல் என்றொரு பகுதியும் உண்டு. அங்குள்ள ஊஞ்சலுக்கும் அதற்கும் ஏதேனும் உறவு இருக்குமோ என எண்ணிப் பார்ப்பதில் எமக்கு ஓர் இன்பம். அது எண்ணமே, முடிவன்று.

இச்செய்தியைத் தமிழுலகுக்கு விரித்துரைத்தவர்களுள் முதன்மையானவர் எமது நாட்டவரே. ஊர்காவற்றுறைக் கரம்பொனிற் பிறந்த தனிநாயகம் அடிகளார் கத்தோலிக்கக் குருவானவர். 1950களில் தென்கிழக்காசிய நாடுகளுக்குச் சென்றுவந்த அவர், பாங்கொக்கிலுள்ள அரசவைப் பிராமணர்கள் ஓதும் மந்திரங்களிடையே திருவெம்பாவை இருப்பதைத் தமது எழுத்திலும் பேச்சிலும் எடுத்துக்காட்டினார். மாணிக்கவாசகரின் பாட்டைக் கத்தோலிக்கத் துறவி ஒருவர் கேட்டு மகிழ்ந்து வந்து சைவர்களுக்குச் சொன்னார் என்பதை இளைஞர்கள் மறவாதிருக்க வேண்டும். பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் அப்பிராமணர் வசமிருந்த கிரந்த எழுத்து ஏடுகளிலே தேவாரப் பகுதிகளையும் கண்டறிந்தனர். தென் தாய்லாந்தின் தகுவாபாவிற் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு 9ஆம் நூற்றாண்டினது. குளம் ஒன்றை வெட்டியதும், அதனை மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவினர் முதலானோரின் பாதுகாப்பில் விட்டதும் அதிற் குறிக்கப்பட்டுள்ளன. மாணிக்கவாசகர் வாழ்ந்ததாகக் கருதப்படும் அதே நூற்றாண்டிலே தமிழ் வணிகர் அங்கே குளம் வெட்டிக் குடியிருந்தனர் என்றால், வணிகரோடும் அந்தணரோடும் பாட்டும் கப்பலேறிச் சென்றதில் வியப்பென்ன?

வியப்பு வேறொன்றிலே உளது. அப்பிராமணர்கள் தமிழ் அறியார். தாம் ஓதுவதன் பொருள் அவர்களுக்குத் தெரியாது. தகப்பன் ஓதியதை மகன் கேட்டான். மகன் ஓதியதைப் பேரன் கேட்டான். எழுத்துத் திரிந்தது, ஒலி திரிந்தது. ஆயினும் பாட்டு விடப்படவில்லை. இதனைக் கேட்ட சில அறிஞர்கள், பொருளறியாது ஓதுவதாற் பயனென்ன என எழுதியதுண்டு. எமக்கு அவ்வாறு சொல்ல வாய் வரவில்லை. அரிக்கன் லாம்பின் பின்னே, சொல்லைப் பிழையாகப் பிரித்துப் பாடிக்கொண்டு நடந்த நாம் மட்டும் பொருளறிந்தா பாடினோம்? பொருள் பிறகு வந்தது. முதலில் வந்தது குரல். குளிரும், இருளும், திருநீற்று வாசமும், ஆச்சியின் கையும், கடலையும் அக்குரலோடு சேர்ந்தே வந்தன. ஆதலால்தான் எங்கே எப்பொழுது அப்பாட்டைக் கேட்டாலும் அவையெல்லாம் ஒருங்கே எழுந்து நிற்கின்றன. அப்பொழுது நெஞ்சில் உண்டாகும் நன்றியுணர்வு இறைவன்பால் மட்டுமா செல்கிறது? எமக்கு முன்னே எழுந்து, கிணற்றடியிற் குளித்து, எம்மை எழுப்ப வந்தவர்கள்பாலும் செல்கிறது. அவர்களுடைய பெயர் எந்த வரலாற்று நூலிலும் இல்லை.

எமது வாழ்விலே இதை முழுவதும் உணர்ந்தது 1995ஆம் ஆண்டு மார்கழியில். அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் ஊரை விட்டுப் புறப்பட்டதையும், மழையிலே நாவற்குழிப் பாலத்தை நோக்கி மக்கள் வெள்ளமாக நகர்ந்ததையும் இங்கே விரிக்கவேண்டியதில்லை. தென்மராட்சியில் ஒரு பாடசாலைக் கட்டடத்திலே, வகுப்பறை ஒன்றுக்கு ஐந்தாறு குடும்பங்களாகத் தங்கியிருந்தோம். பெரியப்பாவும் எம்மோடிருந்தார். அப்பொழுது அவருக்கு வயது எழுபதுக்கு மேல். வீட்டைப் பூட்டிய திறப்பையும், இரண்டு வேட்டியையும், ஒரு செம்பையும் தவிர அவர் எதையும் எடுத்து வரவில்லை. சங்கும் சேமக்கலமும் ஊரிலே வைரவர் கோயிலில் இருந்தன.

திருவெம்பாவை தொடங்கும் நாள் எதுவென்று எவரும் பேசவில்லை. ஒருநாள் அதிகாலையில், மெல்லிய ஓசை ஒன்று கேட்டது. பெரியப்பா விறாந்தையிலே உட்கார்ந்து கரண்டியாற் செம்பைத் தட்டிக்கொண்டிருந்தார். பின்பு தொடங்கினார். உரக்கப் பாடவில்லை, குழந்தைகள் உறங்குகின்றன என்றோ என்னவோ, அடித்தொண்டையிலேயே பாடினார். இரண்டாம் பாட்டிலே நாம் சேர்ந்துகொண்டோம். மூன்றாம் பாட்டுக்குள் பக்கத்து வகுப்பறையிலிருந்து ஒரு பெண்குரல் சேர்ந்தது. அறிமுகமில்லாத ஊர்க்காரர், அவர்களுடைய மெட்டுச் சற்று வேறு. எனினும் சேர்ந்தது. யாரோ ஒருவர் ஜாம் போத்தல் விளக்கை ஏற்றினார். அப்பாலே இன்னொன்று எரிந்தது. எந்த வீட்டிலே விளக்கு எரிகிறது என்று பார்த்துப் பார்த்து நடந்த பெரியப்பா, அன்று இருந்த இடத்திலேயே இருந்து ஒவ்வொரு விளக்காக எரிவதைப் பார்த்தார். படலையின் உட்புறம் நின்று பாடிய எமது சகோதரிகள் அன்று வெளியிலே நின்று பாடினார்கள். படலை இருக்கவில்லை. இருபதாம் பாட்டு வந்தபோது பலர் அழுதுகொண்டிருந்தனர். கடலை இல்லை; தேநீர் மட்டும் இருந்தது. சீனி இல்லாத தேநீர்.

1996 சித்திரைக்குப் பின் ஊர் திரும்பினோம். வைரவர் கோயிற் கூரை விழுந்திருந்தது. சேமக்கலம் கிடைத்தது, சங்கு கிடைக்கவில்லை. சில ஆண்டுகளின் பின் பெரியப்பா காலமானார். எமது வழக்கப்படி சுண்ணம் இடிக்கும்போது திருப்பொற்சுண்ணம் பாடவேண்டும். அதுவும் மாணிக்கவாசகர் பாடியதே. அதிலும் பாட்டு இருபது. இறைவன் நீராடுவதற்கு வாசனைச் சுண்ணம் இடிக்கும் பெண்களின் மகிழ்ச்சிப் பாட்டு அது. ஈழத்துச் சைவர் அதனைச் சாவீட்டிலே பாடி இறந்தவரை வழியனுப்பும் வழக்கத்தை நினைக்குந்தோறும், முன்னோரின் துணிவு எம்மைத் திகைக்கச் செய்கிறது. அவரிடம் பாட்டுப் பழகியவரிற் பாதிப் பேர் அப்பொழுது இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்தார்கள். இருந்த நாம் உரலைச் சுற்றி நின்று பாடினோம். ஐந்து வயதிற் பயந்த அதே சேமக்கல ஓசை; இம்முறை அது சாவீட்டுச் சேமக்கலமே. ஆச்சி உயிரோடிருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது.

அதன்பின் எமது ஊரிலே வீடு வீடாகச் சென்று பாடும் வழக்கம் நின்றுபோயிற்று. கோயிலில் ஒலிபெருக்கி பூட்டினார்கள். தருமபுரம் சுவாமிநாதன் போன்ற பெரும் ஓதுவார்களின் குரல் வைகறையிலே ஊரெங்கும் கேட்கிறது. அக்குரலின் திருத்தத்துக்கும் இனிமைக்கும் பெரியப்பாவின் குரல் உறைபோடக் காணாது. அதை நாம் மறுக்கவில்லை. ஒலிபெருக்கியைக் குறைகூறும் கிழவர் கூட்டத்தில் எம்மைச் சேர்த்துவிடவும் வேண்டாம். படுக்கையிற் கிடக்கும் நோயாளிகளுக்கு அது பெரிய உபகாரம். ஆனால் ஒலிபெருக்கி எந்தப் படலையிலும் நிற்பதில்லை. விளக்கு எரிந்ததா என்று பார்ப்பதில்லை. எழும்பாத பையனைப் பெயர் சொல்லிக் கேலி செய்வதில்லை. முப்பது ஆண்டுகளின் பின் ஒரு பிள்ளை அப்பாட்டைக் கேட்டு யாரை நினைத்துக்கொள்ளும்?

இக்கேள்வியைச் சென்ற ஆண்டு எமது மன்றத்து இளைஞரிடம் சாதாரணப் பேச்சிலே கேட்டோம். அவர்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை என்றே எண்ணினோம். பின்னர் ஒருநாள், நாலைந்து பேர் வீட்டுக்கு வந்து, "ஐயா, உங்கடை மெட்டை ஒருக்காப் பாடிக் காட்டுங்கோ, நாங்கள் போனிலை பதிஞ்சு வைக்கப்போறம்" என்றனர். அவர்களுள் இருவர் பெண்பிள்ளைகள். "பதியிறதெண்டால் பதியுங்கோ. ஆனால் படிக்கிறதெண்டால் வாயைப் பாத்துத்தான் படிக்கவேணும்" என்றோம். சிரித்தார்கள், ஆனாலும் இருந்து பாடினார்கள். நாம் சிறுவயதிற் பிழையாகப் பிரித்த அதே இடத்தை அவர்களும் பிழையாகவே பிரித்தார்கள். திருத்தினோம்.

இவ்வாண்டு திருவெம்பாவை முதல்நாள் காலை நாலு மணிக்கு வைரவர் கோயிலடியிற் கூடுவதாக ஏற்பாடு. பழைய சேமக்கலத்தைப் புளி போட்டு மினுக்கி வைத்திருக்கிறார்கள். சங்கு புதியது, கீரிமலைப் பக்கமிருந்து வாங்கிவந்தது. அதை ஊதப் பழகும் பையனுக்கு இன்னும் மூச்சு நின்று பிடிக்கவில்லை. பின்னேரங்களில் அவன் பழகும் ஓசை எமது முற்றம்வரை விட்டுவிட்டுக் கேட்கிறது. முன்வீட்டுச் சிறுபிள்ளை அதைக் கேட்டுப் பயந்து உள்ளே ஓடுகிறது.